விருதுக்கு முந்தைய நாள்

"இந்த விருது எனக்கு வேண்டாம் மேடம். நான் டெல்லிக்குப் போகப் போறதில்லை."

வந்ததும் வராததுமாகச் சொன்னார் திருவேங்கடம். அப்போது ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தார்.

அறுபது வயதுச் சீடர் அவர். குரு கனகவல்லிக்கு எண்பது தாண்டிவிட்டது. கணினி ஆராய்ச்சியில் அவருக்கு வழிகாட்டிய பேராசிரியை. அம்மாள் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தைத்தான் இப்போது சீடர் கட்டி மேய்க்கிறார்.

"எதுக்காக விருதுன்னு போட்டிருக்காங்க?"

"வாழ்நாள் சாதனைன்னு. ஆயிரம் கம்ப்யூட்டர் ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்யும்போது, நடுவுல ஒண்ணு படுத்துட்டா, அதோட பங்கை மத்ததெல்லாம் எடுத்துக்கும். வேலை நிக்காது. அதைக் கண்டுபிடிச்சதுக்கு."

"நல்ல விஷயம்தானே? போய் வாங்கிக்கோ."

"எப்படி மேடம் போவேன்? வங்கக்கடல்ல புயல் நிக்குது. எங்கே கரையைக் கடக்கும்னு எங்க மெஷின்லதான் கணக்கு ஓடுது. நான் ஒரு நாள் இல்லேன்னா எல்லாம் கெட்டுது."

தான் கூவாவிட்டால் பொழுது விடியாது என்று நம்பும் சேவல்கள் எல்லாத் துறையிலும் உண்டு.

கனகவல்லி கையை நீட்டினார். "போனைக் கொடு."

கொடுத்தார். அம்மாள் அதன் சத்தத்தை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடினார்.

"மேடம்! புயல் விளையாட்டில்லை. நான் சரின்னு சொல்லாம அங்கே ஒருத்தரும் ஒரு மெஷினையும் தொடக்கூடாது."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

"போகணும்னா போனை எடுத்துட்டுக் கிளம்பு. இருக்கிறதுன்னா மொச்சையை உரி. சாயங்காலம் தர்றேன்."

மந்திரிகளிடமே மல்லுக்கு நின்றவர்தான். இந்த அம்மாளிடம் மட்டும் வாய் எழும்பாது. முறத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இருப்புக் கொள்ளவில்லை. தோலைப் பாத்திரத்திலும் பருப்பைக் குப்பையிலும் போட்டார். ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. திரும்பி வந்து டப்பாவைப் பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை. இந்நேரம் எத்தனை பேர் தன்னைத் தேடித் தவிக்கிறார்களோ!

"மேடம், ஒரே ஒரு தடவை..."

"இன்னும் பாதி மொச்சை இருக்கு."

சாயங்காலம் கனகவல்லி போனை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டுக் கொடுத்தார்.

திருவேங்கடம் அவசரமாகத் திரையைத் திறந்தார். ஒரு அழைப்புகூட வந்திருக்கவில்லை. குழுவுக்குப் பொதுவாக ஒரே ஒரு செய்தி. அனுப்பியவள் அவருடைய உதவியாளர் ஷாஹிதா. மத்தியானம் ஒரு வரிசை மெஷின் மொத்தமும் படுத்துவிட்டது, வேலையை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டேன், புயலின் பாதை நேரத்துக்கு வானிலைக்காரர்களிடம் போய்விட்டது, படகுகள் எல்லாம் கரை திரும்பிக்கொண்டிருக்கின்றன.

"என்னைக் கேட்காம மாத்தியிருக்கா!"

"தப்பா மாத்திட்டாளா?"

மறுபடியும் படித்தார். "இல்லை. நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ஒரு போன் வரலை மேடம். முப்பது வருஷம் உயிரைக் கொடுத்திருக்கேன். ஒருத்தருக்குக்கூட என் ஞாபகம் வரலையே."

மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

கனகவல்லி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் ரிட்டயர் ஆன முதல் வாரம், டெலிபோன் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போனாக்கூடக் கதவைத் திறந்து வெச்சுட்டுப் போவேன், மணி அடிச்சா கேக்கணும்னு. உன்கிட்டேருந்து போன் வரும், வரும்னு."

திருவேங்கடம் தலை குனிந்தார்.

"தப்புதான் மேடம். ஒரு தடவையாவது பண்ணியிருக்கணும். ஆனா அப்போ எதுக்குமே உங்களைக் கேக்க வேண்டிய..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அது புரிஞ்சதும், அடுத்த திங்கட்கிழமை," என்றார் கனகவல்லி, "இந்தத் தெருவுக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்."