ஏரி பார்க்க வருகிறது

மருதங்கோட்டை ராஜா தானே ஒரு புதுமொழியை உண்டாக்கினார். பசி, நோய், உடைப்பு என்று மனசைக் கலக்கும் சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. அவைக்கு வருகிறவர்கள் அதைத்தான் பேச வேண்டும். மீறினால் நாக்கு போகும்.

ஏரிக்காவல் பார்க்கும் காத்தாயி, கரையில் விரிசலைக் கண்டு ஓடிவந்தாள். அடைக்க ஆள் கேட்க வேண்டும். கேட்கச் சொல் இல்லை.

"என்ன சேதி? புதுமொழியில் சொல்" என்றார் ராஜா.

அவளும் அப்படியே சொன்னாள்: "நல்ல சேதிதான் மகாராஜா. நம்ம ஏரி உங்களைப் பார்க்க ஆசைப்படுது."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "வரட்டுமே!"

"கரையை விட்டு இறங்கி வருமுங்க. வழியில கடைவீதியையும் கூட்டிக்கிட்டு, பொழுது சாயறதுக்குள்ள உங்க கட்டில்கிட்ட வந்து நிக்கும்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். "ஐயோ, உடைப்பு! கரை உடைப்பு! ஆட்களைக் கூப்பிடுங்கள்!" என்று பழைய மொழியிலேயே அலறினார்.

மண்வெட்டியோடு ஆட்கள் ஏரிக்கு ஓடினார்கள். நாக்கறுக்கும் சேவகன் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தான்.

காத்தாயி கும்பிட்டாள். "கரை இன்னும் நிக்குது மகாராஜா, அடைச்சிடலாம். போன மழையிலயும் விரிசலைப் பார்த்தேன், இந்தச் சொல்லைச் சொல்லப் பயந்து வாய்மூடி நின்னேன். வெள்ளத்துல கீழத்தெருவோட என் மகனும் போயிட்டான்."

அவளுக்கு ஆறுதல் சொல்ல ராஜா வாயெடுத்தார். அவர் மொழியில் அதற்கும் சொல் இல்லை.