ஆத்தாவுக்கும் ஒரு கட்டில்

கோதண்டபாணிக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் ஆய்வகத்தில் ரத்தத்துளிகளைப் பார்த்தவர். மனிதர்களைப் பார்க்கப் பழக வேண்டும் என்று அந்த மலையடிவார மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே வேலை கற்றுக்கொடுத்த டாக்டர் ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முதலில் கேலியாகத்தான் 'டீச்சர்' என்று கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு நாள் காலை ஊருக்குள் போனவர் கொதிப்போடு திரும்பி வந்தார்.

"பேச்சியம்மா கதவைச் சாத்திட்டா, டீச்சர். பிள்ளைக்கு உடம்பெல்லாம் அம்மை. நெஞ்சுல சளி கட்டிடுச்சு. மூச்சு இழுக்கிறது வாசல் வரைக்கும் கேட்குது. மருந்தைத் தொட மாட்டேங்கிறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் கிருமின்னு சொன்னேன்."

ரெஜினா மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோதண்டபாணியும் கூடப் போனார்.

பேச்சியம்மா வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. காலையில் கோதண்டபாணி ஷூவோடு நின்ற படியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அவர் தெருவிலேயே நின்றுகொண்டார். ரெஜினா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

"பேச்சி, ஆத்தா வந்து எத்தனை நாளாச்சு?"

கதவு ஒரு சாண் திறந்தது.

"அஞ்சு நாள், டாக்டரம்மா. அந்த ஆளு மருந்து குடுத்து வெரட்டச் சொல்றாரு. வெரட்டினா எம்புள்ளையையும் கூட்டிட்டுல்ல போயிருவா?"

"வெரட்ட வேண்டாம். அவளுக்கு என்ன வைக்கிறே?"

"இளநீரு. கூழு."

"இதையும் வை. அவ எடுத்துக்கிட்டது போகப் பிள்ளைக்கு ஒரு மூடி, மூணு வேளை. காலையில மூச்சு தணியலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும். அதையும் ஆத்தாகிட்ட இப்பவே சொல்லிடு."

பேச்சியம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"அவளும் கூட வருவாளே. அங்க எங்க இருப்பா?"

"தனி ரூம் தர்றேன். ரெண்டு கட்டில்."

மறுநாள் விடிந்ததும் பேச்சியம்மா வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் வேப்பங்கொத்து. ரெஜினா ஊசி போட்டார். ஆக்சிஜன் வைத்தார். வேப்பங்கொத்து பக்கத்துக் கட்டிலில் கிடந்தது.

நான்காம் நாள் பிள்ளை தயிர்சோறு கேட்டு அழுதது.

கோதண்டபாணி வராந்தாவில் ரெஜினாவை நிறுத்தினார்.

"பொய்தானே சொன்னீங்க? நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க."

"போன மாசம் உங்களுக்குக் காய்ச்சல். ரெண்டு ராத்திரி கண்ணை மூடல. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தூங்கிட்டீங்க. நான் மருந்தே கொடுக்கல."

"என்ன நோய்னு தெரிஞ்சிடுச்சே, டீச்சர்."

"பேச்சிக்கும் யார் வந்திருக்கான்னு தெரிஞ்சிருந்தது."

பிள்ளையின் நாடி பார்க்கும் நேரமாகியிருந்தது. கோதண்டபாணி அறை வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார்.