ஆவுடையும் காலிக் கட்டமும்

ஒரே ஒரு ஊர்ல… ஊரு ஒண்ணுதாம், பேருதாம் பல. ஒருத்தர் திருநெல்வேலிம்பாரு, ஒருத்தர் நெல்லைம்பாரு, பழைய ஆளுக டின்னவேலிம்பாங்க. அந்த ஊர்ல ஆவுடைன்னு ஒரு அக்கா இருந்தா. ம் சொல்லுட்டி, அப்பத்தாம் அப்பா மேல சொல்லுவேன்.

"ம்."

ஆவுடைக்கு கம்ப்யூட்டர்கிட்ட கேள்வி கேக்குத வேலை. சிரிக்காத, நெசமாத்தாம். கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும், ஆனா நாம கேட்டதுக்குத்தாம் பதில் சொல்லும், மனசுல நெனச்சதுக்குச் சொல்லாது. உன்னைய மாதிரி ஒரு பிடிவாதம். ஊர்ல ரத்தம் குடுக்குத சங்கம் ஒண்ணு இருந்துச்சு. அவங்களுக்கு ஆவுடை சும்மாவே ஒரு டேட்டாபேஸ் பண்ணிக் குடுத்திருந்தா. ரத்தம் குடுக்க வாரேன்னு சொன்ன ஆளுக எல்லாம் ஒரு டேபிள்ல. யாரு எந்தத் தேதில குடுத்தாங்கங்கறது இன்னொரு டேபிள்ல.

"சாப்பிடுத டேபிளாப்பா?"

இல்லட்டி, கட்டம் கட்டமா இருக்கும்லா, அது. அப்புறம் ஒரு நாள் காலைல, டிரிங் டிரிங் டிரிங்னு சங்கத்து போன் அடிச்சுது. ஆஸ்பத்திரில ஒரு பிள்ளத்தாச்சி. வயித்துல பாப்பா. ஆபரேஷன் பண்ணித்தாம் எடுக்கணும், சாயங்காலத்துக்குள்ள ரத்தம் வேணும்னுட்டாவ டாக்டரம்மா. அந்த அம்மாவுக்கு ஓடுதது சாதாரண ரத்தம் இல்ல, பாம்பே குரூப்பு. வேற எந்த ரத்தமும் சேராது. அதே குரூப்பு உள்ளவங்க வந்து குடுத்தாத்தாம் உண்டு. வெளில அந்தம்மா வீட்டுக்காரன் நிக்காம், சரியான பயந்தாங்கொள்ளி. கையும் ஓடல, காலும் ஓடல. ஓன்னு அழுதுக்கிட்டு நிக்காம்.

"பாவம்."

பாவம்தாம். அப்போ ஆவுடை கம்ப்யூட்டரைத் தொறந்தா. டக் டக் டக். பாம்பே குரூப்பா இருக்கணும், ஊரு திருநெல்வேலியா இருக்கணும், கடைசியா ரத்தம் குடுத்து மூணு மாசம் தாண்டியிருக்கணும், அப்படிப்பட்ட ஆளு யாருன்னு கேட்டா. கிர்ர்ர்னு சுத்திட்டு, ஒருத்தரும் இல்லன்னுட்டு அது.

ஆவுடை ஊரு பேரு கட்டத்தை மட்டும் தொறந்தா. அப்புறம் பாத்தா, ஊரு பேரை ஆளாளுக்கு இஷ்டத்துக்கு அடிச்சு வச்சிருக்காங்க! நெல்லைன்னு ஒருத்தர், பாளைன்னு ஒருத்தர், எழுத்தை விழுங்கி திருநெவேலின்னு ஒருத்தர். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் வேற வேற ஊரு. "அட கிறுக்கச்சி, ஊருக்குன்னு ஒரு டேபிள் போட்டு, அதுல இருந்து எடுக்கச் சொல்லியிருக்கணும்லா"ன்னு தன்னையே வஞ்சுக்கிட்டு, எல்லாப் பேரையும் சேத்துக் கேட்டா. டக் டக் டக். வந்தாரு ஒரே ஒரு ஆளு. போன் போட்டா, "நான் துபாய்ல இருக்கேம்மா"ங்காரு.

"அய்யய்யோ."

அய்யய்யோதாம். அப்புறம் ஆவுடை யோசிச்சா. ரெண்டு டேபிளையும் நாம ஜோடி சேத்துல்லா கேட்டிருக்கோம். உங்க ஸ்கூல்ல டான்ஸுக்கு ஜோடி இல்லாத பிள்ளைகளை வெளிய நிறுத்துவாங்கள்ல, அதே கதை. இதுவரைக்கும் ரத்தமே குடுக்காத ஆளுக்கு அந்தப் பக்கம் ஜோடி ஏது? பேரே வராது. சரி, ஜோடி இல்லாட்டாலும் உள்ள விடுன்னு மாத்தினா. அதுக்கு லெஃப்ட் ஜாயின்னு பேரு. டக் டக் டக். கிர்ர்ர். பழைய துபாய்க்காரரே பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நிக்காரு!

அப்போ மணி மத்தியானம் ஆயிட்டு. அந்தப் பயந்தாங்கொள்ளி போன் போட்டு, "தாயி, ஆளு கெடச்சாச்சா?"ங்காம். போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டே ஆவுடை, "தேடுதேண்ணே, வச்சிராதீங்க, லைன்லயே இருங்க"ன்னா. தூங்கிட்டியா?

"இல்லப்பா, சொல்லு."

அப்புறம், தேதி கேக்குத வரியையே தூக்கிட்டு, இருக்க ஆளு அத்தனை பேரையும் காட்டுன்னா. ரெண்டே பேரு. துபாய்க்காரருக்குக் கீழ ஜெபராணின்னு ஒரு பேரு. ஊரு பாளை. ரத்தம் குடுத்த தேதிங்கற கட்டத்துல என்ன இருந்துச்சு? நல்!

"நல்லா? நல்லதா?"

இங்கிலீஷ்ல நல்லுன்னா ஒண்ணுமே எழுதாத கட்டம். பூஜ்யம் கூட இல்ல. விஷயமே தெரியாதுன்னு அர்த்தம். ஆவுடை போட்ட கேள்வி வாசல்ல நிக்க வாட்ச்மேன் மாதிரி. "மூணு மாசம் ஆச்சா?"ன்னு கேப்பாம். ஆமான்னா உள்ள. இல்லன்னா வெளிய. நல்லு என்ன சொல்லும்? ஆமாவும் சொல்லாது, இல்லவும் சொல்லாது, முழிச்சுக்கிட்டு நிக்கும். வாட்ச்மேன் அதையும் வெளிய தள்ளிருவாம். ஜோடி இல்லாட்டாலும் வான்னு ஒரு கதவைத் தொறந்துட்டு, அடுத்த கதவுல அதே ஆளைத் துரத்தியிருக்கா நம்ம ஆவுடை! "மூணு மாசம் தாண்டியிருக்கணும், இல்லன்னா நல்லா இருக்கணும்"னு மாத்தினா. வந்து விழுந்துச்சு பாரு, ஜெபராணி.

ஜெபராணி பாளையங்கோட்டைல ஒரு ஸ்கூல்ல விளையாட்டு சொல்லிக் குடுக்குத பி.டி. டீச்சர். காலேஜ்ல படிக்கும்போது சங்கத்து ஆளுக வந்து, "உன் ரத்தம் அபூர்வம்மா, வேணும்போது கூப்பிடுதோம்"னு எழுதிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் ஒருத்தரும் கூப்பிடல.

"டீச்சர், உங்க ரத்தம் வேணும்"னா ஆவுடை.

"என்னைய மறந்துட்டீங்கன்னுல்லா நெனச்சேன்"னா ஜெபராணி. "எந்த ஆஸ்பத்திரி? கெளம்பிட்டேன்."

தடதடன்னு வந்தா. கழுத்துல விசில் கூடக் கழட்டல. ரத்தம் எடுத்தாங்க, சோதிச்சாங்க, சேந்துட்டு. பொழுது சாயுததுக்குள்ள பாப்பா குவா குவான்னுது. அம்மாவும் பொழைச்சா, பாப்பாவும் பொழைச்சுது. அந்தப் பயந்தாங்கொள்ளி ஜெபராணி கையைப் பிடிச்சுக்கிட்டு, என்ன சொல்லணும்னு தெரியாம, "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா"ன்னே கேட்டுக்கிட்டு நின்னாம். ஆவுடையைக் கும்பிடப் போனாம். "என் தப்பைத்தாம் நான் திருத்துனேன், விடுங்கண்ணே"ன்னு அவளும் அழுதா. அந்த ரெண்டு பேரையும் நெனைக்காம அவன் ஒரு நாளும் படுத்ததில்ல.

"அப்பா… விசில் போட்ட டீச்சர்னா, நம்ம ஜெபா அத்தையா?"

பொறுட்டி, சொல்லுதேன். அன்னைக்கு ஆவுடை வீட்டுக்குக் கெளம்புததுக்கு முன்னாடி, ஜெபராணி பேருக்கு நேர இருந்த நல்லை எடுத்துட்டு, டக் டக் டக்னு ஒரு தேதி போட்டா. என்ன தேதி தெரியுமா?

"என்ன தேதி?"

நாளைக்கு என்ன நாளு?

"என் பொறந்தநாளு!"

அதே தேதிதாம். காலைல அத்தை வருவா, ஆவுடை அக்காவும் வருவா. இந்தப் பயந்தாங்கொள்ளி சீக்கிரம் எந்திரிச்சு ரெண்டு பேருக்கும் இட்லி அவிக்கணும். கதை வீடு வந்து சேந்துட்டு, கண்ணை மூடு ராசாத்தி.

"…ம்."