ராக்கெட் போய்ச் சேரும்வரை

“பறந்து வர்றவங்கள என்னால அடிக்கவே முடியல மிஸ்,” என்றாள் எமெல்டா.

கிறிஸ்டிலா ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எங்க போச்சு?”

“எது மிஸ்?”

“நீங்க விட்ட ராக்கெட்.”

எமெல்டா யோசித்தாள்.

“தெரியல. படல.”

“படலன்னு எனக்கும் தெரியும். எங்க போச்சு?”

“தெரியல மிஸ்.”

“தெரிஞ்சதும் வாங்கக்கா.”

கீபோர்டிலிருந்து ஒரு முறுக்குத் துண்டு விழுந்தது. அவ்வளவுதான் அன்றைய பாடம்.

கிறிஸ்டிலாவுக்கு இருபத்திரண்டு வயது. எமெல்டாவுக்கு முப்பது, வீட்டில் ஒரு கைக்குழந்தை. ஆனால் கான்வென்ட்டில் படித்த பழக்கம். சொல்லித் தருகிறவர் யாராக இருந்தாலும் எமெல்டாவுக்கு மிஸ்தான்.

தூத்துக்குடியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்த கேம் சென்டர். அங்கே பெண்கள் ஆறு பேர் ஓர் அணியாக ஆடினார்கள். கிறிஸ்டிலா அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள்.

ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு வேலை. ரிஸ்வானா மெடிக். அடிபட்டவர்களைக் குணமாக்குபவள், அவள் கையில் இருக்கும் துப்பாக்கி பேருக்குத்தான். எமெல்டா ராக்கெட்காரி. மெடிக்குக்கு முன்னால் நின்று காவல் காப்பவள்.

எதிரணியில் இருக்கும் ராக்கெட்காரர்கள் தங்கள் காலடியிலேயே ஒன்றை வெடிக்கவிட்டு, அந்த வேகத்தில் மேலே எழும்புவார்கள். எல்லார் தலைக்கும் மேலாகப் பறந்து வந்து நேராக மெடிக்கின் மேல் இறங்குவார்கள். அவர்கள் இறங்குவதற்குள் அடிக்க வேண்டும். தோட்டா என்றால் நினைத்தவுடன் போய்விடும். ராக்கெட் அப்படிப் போகாது. அதற்கு நேரம் வேண்டும்.

மெடிக் விழுந்தால் அணியே விழுந்த மாதிரி.

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. காவலுக்கு யார் நிற்பது என்பதை மெடிக்தான் சொல்வாள். சாகிறவள் அவள்தானே.

“ஞாயித்துக்கிழமை ஃபைனல்க்கா,” என்றாள் ரிஸ்வானா. “சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேலயும் இப்படியே இருந்தா நான் வேற ஆளைச் சொல்லிருவேன். கோச்சுக்கக் கூடாது.”

“கோச்சுக்க மாட்டேன்.”

எமெல்டா அதை உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மாமியாரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்து உட்காரும் அந்த நாற்காலி போய்விட்டால், நாள் முழுக்க அவள் உட்காருவதற்கு வேறு இடம் இல்லை.

*

மறுநாள் வந்தாள்.

“வீடியோ எல்லாம் பாத்துட்டேன் மிஸ். ஆள் இருக்குற இடத்துக்கு விடக் கூடாது. வரப்போற இடத்துக்கு விடணும்.”

“சரி.”

“தரையில நிக்கிறவனுக்கு எல்லாப் பக்கமும் வழி இருக்கு. எந்தப் பக்கம் ஓடுவான்னு சொல்ல முடியாது. மேல போனவனுக்கு இறங்குற வழி மட்டும்தான்.”

“சரி.”

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் மிஸ் படல?”

“எங்க போச்சு?”

எமெல்டாவுக்கு அழுகை வந்தது. ஹெட்செட் வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

கிறிஸ்டிலா காலியான ஒரு மைதானத்தைத் திரையில் திறந்தாள். ஆள் இல்லை, சத்தம் இல்லை. தூரத்தில் ஒரு செங்கல் சுவர்.

“அந்தச் சுவர்ல விடுங்க. அது போய்ச் சேர்ற வரைக்கும் அடுத்ததைத் தொடாதீங்க.”

எமெல்டா விட்டாள். புகைக் கோடு இழுத்துக்கொண்டே போனது. வெடித்தது. மறுபடியும் விட்டாள். மறுபடியும்.

“சுவர் எங்கயும் போகப் போறதில்லையே மிஸ். இதுல என்ன இருக்கு?”

“போய்ச் சேர்ந்ததைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சுவர்னா பாக்குதீங்க,” என்றாள் கிறிஸ்டிலா.

பிறகு ரிஸ்வானாவைக் கூப்பிட்டு திரையில் எமெல்டாவின் பின்னால் நிற்கச் சொன்னாள். எதிரணி ராக்கெட்காரியாகத் தானே உட்கார்ந்து, காலடியில் ஒன்றை வெடிக்கவிட்டாள். எழும்பினாள்.

எமெல்டா ராக்கெட்டை விட்டாள்.

ரிஸ்வானா செத்தாள்.

“விட்ட பிறகு எங்க பாத்தீங்க?” என்றாள் கிறிஸ்டிலா.



“நான் சொல்லுதேன்,” என்றாள் ரிஸ்வானா. “என்னையத்தான் பாக்காங்க. விட்டாங்களோ இல்லையோ, சர்ருனு திரும்பி எம் மூஞ்சியப் பாக்காங்க. நான் சாவுறத இவ்வளவு ஆசையா யாரும் பாத்ததில்ல கிறிஸ்டி.”

“அவ இருக்காளான்னு பாக்கத்தான் மிஸ்…”

“நீங்க பாத்ததால இருந்தாளா?”

கீழே கடையில் யாரோ, இதற்கு அடுத்த சைஸ் எடுங்க என்று சொன்னது கேட்டது.

*

“இன்னைக்கு நீங்க மெடிக்கா நில்லுங்கக்கா,” என்றாள் கிறிஸ்டிலா. “நான் காவலுக்கு நிக்கேன். ரிஸ்வானா பறக்கட்டும்.”

ரிஸ்வானாவுக்குப் பறந்து பழக்கமில்லை. எழும்பிய வேகத்தில் கூரையில் முட்டி விழுந்தாள்.

“இந்தக் கூரையைக் கட்டினவன் எவன்? அவனைக் கூட்டிட்டு வாங்க!”

“திரும்ப எழும்பு,” என்றாள் கிறிஸ்டிலா.

இந்த முறை ரிஸ்வானா சரியாக எழும்பினாள். எமெல்டாவின் திரையில் ஒரு புள்ளி மேலே போய், பெரிதாகிக்கொண்டே வந்தது.

“மிஸ், வாறா!”

கிறிஸ்டிலா நின்றாள்.

“மிஸ், தலைக்கு மேல! மிஸ்! விடுங்க!”

கிறிஸ்டிலா நின்றாள். புள்ளி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோது ஒன்றே ஒன்று விட்டாள். விட்ட பிறகும் திரும்பவில்லை. எமெல்டாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய முதுகு.

வெடித்தது. ரிஸ்வானா துண்டு துண்டாக விழுந்தாள்.

“அடிப்பாவி,” என்றாள் ரிஸ்வானா, மெச்சுகிற குரலில்.

எமெல்டாவுக்கு மூச்சு வாங்கியது. “ஒரு தடவைகூடத் திரும்பல நீங்க. நான் இருக்கேனா செத்தேனான்னுகூடப் பாக்கல.”

“இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

கிறிஸ்டிலா தலையை அசைத்தாள்.

எமெல்டா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“இங்க செத்தா கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வந்துரலாம் மிஸ். எம் பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டை. சின்னதுதான், தானா மூடிக்கும், பொறுத்துப் பாப்போம்ங்காரு டாக்டர். பொறுத்துன்னா எப்படி? அவன் தூங்கினா மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாக்கேன். மூச்சு வருது. விரலை எடுத்த உடனே மறுபடியும் வைக்கணும் போல இருக்கு. பால் காயுதா பொங்குதான்னு தெரியாது. எங்க வீட்டுக்காரர் வந்தாரா போனாரான்னு தெரியாது. நான் அவனைத்தான் பாத்துட்டு இருக்கேன். திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருக்கேன் மிஸ். நான் பாக்காத அந்த ஒரு நிமிஷத்துல…”



எதற்கும் பதில் வைத்திருக்கும் ரிஸ்வானா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கிறிஸ்டிலா தன் நாற்காலியை எமெல்டாவின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அதுக்கு எங்கிட்ட பதில் இல்லக்கா,” என்றாள். “எனக்கு ராக்கெட் மட்டும்தான் தெரியும்.”

எமெல்டா தண்ணீரைக் குடித்தாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

“அப்ப ராக்கெட்டைப் பத்தியே சொல்லுங்க மிஸ்.”

“எங்க போச்சு?”

*

சனிக்கிழமை அணியின் மற்றவர்களும் வந்திருந்தார்கள். நாற்காலிகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரையில் ரிஸ்வானா எமெல்டாவின் பின்னால் நின்றாள். கிறிஸ்டிலா எதிரே.

“அக்கா, ஒரு தடவைதான்,” என்றாள் ரிஸ்வானா. அவள் குரலில் கிண்டல் இல்லை. “இதுல பாத்துட்டுச் சொல்லிருவேன்.”

“சரிம்மா.”

கிறிஸ்டிலாவின் காலடியில் வெடித்தது. அவள் எழும்பினாள்.

எமெல்டாவின் விரல் துடித்தது. அழுத்தவில்லை. பறந்து வருகிறவள் கூரையை ஒட்டிப் போனாள். ஒரு கணம் அங்கேயே தொங்குவது போல இருந்தது. பிறகு இறங்கத் தொடங்கினாள்.

எமெல்டா விட்டாள்.

உடனே கழுத்து திரும்பப் பார்த்தது. பின்னால் ரிஸ்வானா இருக்கிறாளா? மூச்சு இருக்கிறதா? கை மவுஸை இழுக்கப் பார்த்தது. எமெல்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். மவுஸ் நகரவில்லை.

புகைக் கோடு போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கண் எரிந்தது. இமைக்கவில்லை. ராக்கெட் கிறிஸ்டிலாவின் குதிகாலைத் தாண்டி, அவளுக்குப் பின்னால், யாரும் இல்லாத வெளியில் போய், தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில் மோதி வெடித்தது.

கிறிஸ்டிலா தரையிறங்கினாள். ரிஸ்வானா விழுந்தாள்.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

ரிஸ்வானா ஹெட்செட்டைக் கழற்றினாள். “அக்கா… கோச்சுக்காதீங்க.”

எமெல்டா அதைக் கேட்கவில்லை. திரையில் தொட்டியின் மேல் படிந்திருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஆள் அகலம்,” என்றாள்.

“என்னது?”

“பின்னால போயிருச்சு. ஒரு ஆள் அகலம். அவ்வளவுதான். நான் என்னமோ எங்கேயோ போகுதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

கிறிஸ்டிலா நாற்காலியை ரிஸ்வானாவின் பக்கம் திருப்பினாள்.

“இவங்களையே சொல்லு.”

“படலையே கிறிஸ்டி! இத்தனை நாளும் குறி தப்புச்சு, இன்னைக்கும் தப்புச்சு. எதைப் பாத்து நான் சொல்ல?”

“இத்தனை நாளும் தப்பல, எங்க போச்சுன்னே தெரியாது,” என்றாள் கிறிஸ்டிலா. “இன்னைக்குத்தான் முதல்தடவையா தப்பியிருக்கு.”

ரிஸ்வானா அவளைப் பார்த்தாள். எமெல்டாவைப் பார்த்தாள். எமெல்டா இன்னும் அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிஸ்வானா ஹெட்செட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டு, திரையில் எமெல்டாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கிறிஸ்டிலா எழும்பினாள்.