காவல் மரத்து மந்தி

மூங்கில் காடு ஒண்ணு, பிள்ளைகளா. அங்க மான்கள் கீழ மேயும், ஒரு மந்தி மரத்து மேல காவல் இருக்கும். சிறுத்தையைக் கண்டா மந்தி கத்தணும், மான்கள் ஓடணும். அதுதான் ஏற்பாடு.

அந்த வருஷம் காவல் ஒரு வாலிப மந்திக்கு வந்துச்சு. ஒருநாள் கிளை முறிஞ்சு விழுந்ததுல அவன் கை ஒடிஞ்சுடுச்சு. கரடி வைத்தியர் கட்டுப் போட்டு, ஒரு பொட்டலம் மருந்து உருண்டை குடுத்தார்.

"வலிச்சா மட்டும் ராத்திரி ஒண்ணு போடு. வலி நின்னா மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துடணும்."

"சரிங்க வைத்தியரே."

கை ஆறிடுச்சு. பொட்டலம் திரும்பலை. உருண்டையைப் போட்டா உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடும், பயமே தெரியாது. தீர்ந்ததும் கரடிகிட்டப் போய், "இன்னும் வலிக்குதுங்க"ன்னு முனகினான். நல்ல நடிப்பு. கரடிக்கே கண்ணு கலங்கிடுச்சு, இன்னொரு பொட்டலம் குடுத்தார்.

கீழ மேயுற இளமான் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். "டேய், அந்தக் கையிலதானே இப்பத் தொங்கிக்கிட்டு இருக்க? இன்னும் எதுக்குடா மருந்து?"

"நான் என்ன கள்ளா குடிக்கிறேன், மச்சான்? வைத்தியர் கையால குடுத்தது. அது கெடுதல் பண்ணுமா?"

"பட்டப்பகல்ல சாஞ்சு தூங்குற. நான் கரடிகிட்டச் சொல்லப் போறேன்."

"சொன்னா காவலைப் புடுங்கிடுவாங்கடா. நீயே என்னைக் காட்டிக் குடுப்பியா?"

மான் வாயை மூடிக்கிட்டான். சிநேகிதனாச்சே.

மறுநாள் மந்தி ரெண்டு உருண்டை போட்டான். ஒண்ணு இப்பெல்லாம் பத்துறதில்லை. புதருக்குள்ள இருந்து சிறுத்தை வந்துச்சு. மந்தி பார்த்தான். நல்லாவே பார்த்தான். என்ன அழகா நடக்குதுன்னு ரசிச்சான். கத்தணும்னு தெரிஞ்சுது. அப்புறமா கத்திக்கலாம்னு தோணுச்சு.

இளமான் ஒரு தடவை தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தான். மேல சத்தம் இல்லை. சரி, ஒண்ணும் இல்லைன்னு மறுபடி குனிஞ்சு மேய்ஞ்சான்.

பொழுது சாயும்போது மந்திக்குத் தெளிஞ்சுது. கீழ ரத்தம் கிடந்துச்சு. தொண்டை கிழியக் கத்தினான். குரல்ல ஒரு குறையும் இல்லை. ஓடுறதுக்குத்தான் கீழ யாரும் இல்லை.

விக்கி விக்கி அழுதான். அழுதுக்கிட்டே கை பொட்டலத்தைத் தேடுச்சு.

நீதி: வலிக்குத் தந்த மருந்தை வலி போன பிறகு தொடாதே, அதை மறைக்கச் சொல்ற சிநேகிதனுக்காக வாயையும் மூடிக்காதே.