லோபோ கடை சாசேஜ்

துரைக்கண்ணு வாத்தியாருக்கு எண்பத்தொரு வயது. வியாசர்பாடியில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தவர். ரிங் இருந்த இடத்தில் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன. எடைமெஷின் மட்டும் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு காலை, சீடன் எத்திராஜ் வந்தான். அவனுக்கே அறுபத்திரண்டு. இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் நுரையீரலில் நீர் கோத்துப் பிழைத்ததே பெரிசு. உப்பு குறை, தண்ணீரை அளந்து குடி, பாக்கெட் கறியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கையில் பாக்கெட் கறிதான் இருந்தது.

"இன்னாடா அது?"

"சாசேஜ், வாத்தியாரே. லோபோ கடையை மூடிட்டாங்களே, அதே ருசின்னு ஒருத்தன் சொன்னான்."

வாத்தியார் உறையைக் கிழித்து மோந்தார். மிளகு, பூண்டு, புகை. கண்ணை மூடிக்கொண்டார்.

"அரக்கோணத்துப் பையனை ஜெயிச்ச அன்னிக்குத் துன்னது."

"எட்டு துண்டு துன்னேன். உங்க பங்கையும் தள்ளி உட்டீங்க."

"பசி இல்ல எனக்கு."

"பொய்யி. நான் எடை இருநூறு கிராம் அதிகம்னு கம்பளி போத்தி ஓட வெச்சீங்க. ஒரு வாய் தண்ணி தரல. நீங்களும் குடிக்கல. மூணு ரவுண்டும் மூலையில நின்னு 'கையைத் தூக்குடா, கையைத் தூக்குடா'ன்னு ஒரே கத்து."

"தூக்குனியா நீ?"

இருவரும் சிரித்தார்கள்.

"ஒரே ஒரு துண்டு, வாத்தியாரே. வீட்ல உடமாட்டாங்க. நீங்க சொன்னா துன்றேன். தப்பா?"

வாத்தியார் எடைமெஷினைக் காட்டினார். ஏறினான். அறுபத்தாறு கிலோ.

"முந்தாநாள் டயாலிசிஸ் முடிஞ்சப்ப?"

"அறுபத்து மூணு. உடம்பு தேறுது, பாத்தீங்களா?"

வாத்தியார் முனகிக்கொண்டே குனிந்தார். அவன் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மேலே வரவில்லை. உள்ளே நீர். இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இன்னா துன்ன?"

"கருவாடு. கொஞ்சம்தான்."

"அப்புறம்?"

"தாகம்."

"எவ்ளோ குடிச்ச?"

எத்திராஜ் மெஷினை விட்டு இறங்கினான்.

"நாக்குக்கு இல்ல, வாத்தியாரே. அந்த நாளு வேணும் எனக்கு. அவ்ளோதான்."

வாத்தியார் பாக்கெட்டின் வாயை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எப்போடா துன்ன இத?"

"சண்டை முடிஞ்சு."

"முடிஞ்சிதுன்னு எப்டித் தெரியும்?"

"மணி அடிச்சாங்க."

வாத்தியார் காதைத் தெருப்பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. கையைத் தூக்குடா."