பிலோமி விட்டுவிட்ட வார்த்தைகள்

"இதை எப்படிக்கா பக்குவமாச் சொல்றது?"

வந்ததும் வராததுமாகப் பிலோமி கேட்டது இதைத்தான். வாயால் அல்ல, கையால்.

காந்திமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பிலோமியைவிட நாலு வயது இளையவள். ஆனாலும் அக்கா. கற்றுக்கொடுத்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது?

பிலோமியின் மகள் ஜெசிக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்ன வாரமே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சைகை மொழி படிக்க வந்து நின்றது இந்த வாசலில்தான். இப்போது ஜெசி ஓசூரில் வேலை பார்க்கிறாள். பிலோமி ஒரு கல்லூரியில் சைகை மொழிபெயர்ப்பாளர். பேராசிரியர் பேசப் பேச, பக்கத்தில் நின்று கையால் சொல்வாள். காது கேட்காத பிள்ளைகள் ஐந்து பேர் முன்வரிசையில் இருந்து பார்ப்பார்கள்.

காந்திமதி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருக்கும்போது அவளால் பேச முடியாது. கத்தியை வைத்தாள்.

"எதை?"

"அடுத்த பருவத்துல இருந்து மொழிபெயர்ப்பாளர் கிடையாதாம். நாளைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முதல்வர் சொல்லப்போறார். 'நீங்கதான் அதுங்களுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லணும்மா'ங்கிறார்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். நான் பக்குவமாச் சொல்லலன்னா அதுங்க மனசு ஒடிஞ்சிரும்லா? வகுப்புலயும் அப்படித்தானே செய்யறேன்."

காந்திமதியின் புருவம் ஏறியது.

"எப்படி?"

"வாத்தியார்மார் ஏதாவது சொல்வாங்கக்கா. 'இதுங்க படிச்சு என்ன ஆகப்போகுது', 'கையை ஆட்டி ஆட்டி நம்ம பிழைப்பைக் கெடுக்குதுங்க'. அதையெல்லாம் எதுக்குச் சொல்லணும்? அடுத்த பக்கம் எடுங்கன்னு சொல்லிருவேன். மாதாவே, என் கையால ஒரு பிள்ளையும் நோகக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் தினமும் உள்ள போறேன்."

காந்திமதி மறுபடி கத்தியை எடுத்தாள்.

பிலோமியின் செல்போன் வெளிச்சம் விட்டது. வீடியோ அழைப்பு. ஜெசி.

பிலோமி எடுப்பதற்குள் காந்திமதி எடுத்துவிட்டாள். எடுத்ததோடு பின்கட்டுக்குப் போய், அம்மிக்கல் மேல் போனைச் சாய்த்து நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள்.

பிலோமிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதுகும், ஏறி இறங்கும் முழங்கையும்தான்.

முதலில் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். பிறகு குலுங்கவில்லை. தலை ஒருமுறை வேகமாக ஆடியது. ஒரு கை நெற்றிக்குப் போயிற்று.

பிலோமி எழுந்து கிட்டே போவதற்குள் காந்திமதி போனை அணைத்துத் திரும்பினாள். முகம் சரியில்லை.

"என்னக்கா? என்ன சொன்னா?"

"நல்லா இருக்காளாம்."

"நல்லா இருக்கிறவளுக்கு எதுக்கு நெத்தியில அடிச்சீங்க?"

"சாப்பிட்டாளாம்."

"அக்கா, விளையாடாதீங்க. வேலை போச்சா? உடம்புக்கு என்ன?"

"வேறொண்ணும் இல்ல. நீ உட்காரு."

"முழுசாச் சொல்லுங்க!"

"நோகும். அதனால விட்டுட்டேன்."

பிலோமிக்கு முகம் சிவந்துவிட்டது. யாரிடமும் உரக்கப் பேசாதவள். இப்போது அவள் கை காற்றை அறைந்தது.

"அவளைப் பெத்தவ நான்! எது நோகும், எது நோகாதுன்னு நான் பார்த்துக்கிறேன். அவ எனக்குச் சொன்னதை எடுத்து வச்சுக்க நீங்க யாரு?"

காந்திமதி அவளையே பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

பிலோமியின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

வாழைக்காய்த் துண்டுகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

"அக்கா... ஜெசி?"

"முடியைக் கழுத்தோட வெட்டிக்கிட்டா. கோழி கொத்தின மாதிரி இருக்கு. அதைச் சொன்னதுக்கு என்கிட்டச் சண்டைக்கு வர்றா."

பிலோமி சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் முதல்வர் அறை.

பிள்ளைகள் ஐந்து பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிலோமி முதல்வரின் நாற்காலிக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்றாள்.

முதல்வர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பிலோமியைப் பார்த்துப் பேசினார்.

"இனிமே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்னு சொல்லுங்கம்மா. பாடத்தை அச்சடிச்சுக் கொடுத்திடுவோம். கண்ணு நல்லாத்தானே இருக்கு, வாசிச்சுக்கட்டும்."

பிலோமியின் கை எழுந்தது. ஒரு வார்த்தையும் விடவில்லை. கண்ணு நல்லாத்தானே இருக்கு என்பதையும்.

ஐந்து முகமும் மாறியது.

முதல்வர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதை அதுங்களுக்குச் சொல்ல வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும். இதுங்க பாஸ் பண்ணி எந்த ஆபீசுக்குப் போகப்போகுதுங்க, சொல்லுங்க? எல்லாருக்கும் நேரம்தான் வீண்."

பிலோமி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

கை சொல்லியது. 'இதை அதுங்களுக்குச் சொல்ல வேண்டாம்' என்று தொடங்கி, நேரம் வீண் என்பது வரை.

"என்னம்மா செய்றீங்க?"

கை அதையும் சொல்லியது.

இசக்கி எழுந்தாள். ஐந்து பேரில் ஒல்லியானவள். வகுப்பில் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கும்படி எதுவும் அவளிடம் வந்து சேர்ந்ததில்லை.

அவள் கை பேசியது. பிலோமி குரல் கொடுத்தாள். பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வேலையின் முறை அப்படி.

"எந்த ஆபீசுக்குப் போவேன்னு கேட்டீங்க சார். நான் இங்கயே வாத்தியாரா வருவேன். நான் பாடம் நடத்தும்போது உங்களுக்கு ஒண்ணும் புரியாது. கவலைப்படாதீங்க, உங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்னு நானே சண்டை போட்டு வாங்கித் தர்றேன்."

முதல்வர் பிலோமி பக்கம் திரும்பினார். "பேசுறது நீங்களா, அந்தப் பொண்ணா?"

பிலோமி கேள்வியைக் கையால் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இசக்கியின் பதிலைக் குரலில் கொண்டுவந்தாள்.

"நான்தான் பேசுறேன். என்னைப் பாருங்க. எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும். அச்சடிச்ச காகிதத்துகிட்ட நான் சந்தேகம் கேட்க முடியாது. கிடைக்கிற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இசக்கி உட்கார்ந்தாள். மற்ற நால்வரும் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"பிலோமியம்மா, உங்க வேலை இன்னையோட முடிஞ்சுது."

கை அதையும் சொல்லியது. வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகச் சொல்லியது.

முதல்வர் மேசையில் அடித்தார்.

"முதல்ல கையை இறக்குங்க!"

பிலோமியின் கை ஐந்து பேருக்கும் அதைச் சொன்னது.

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள்.

இசக்கி மட்டும் ஒரு நொடி கையை இறக்கி, ஒன்று கேட்டுவிட்டு, மறுபடி உயர்த்திக்கொண்டாள்.

பிலோமி முதல்வரைப் பார்த்து, அந்தப் பிள்ளையின் கேள்வியை அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"யார் கையை, சார்?"